பாயிண்ட் டூ டூ ரைஃபிளுக்கு லைசென்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியிலேயே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டு வருகிறேன். இப்போது 50 மீட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. படுத்துச் சுடும் நிலை எனக்கு நன்றாக அமைகிறது என்று கோச்சும் சொல்கிறார். சொந்தமாக ஒரு .22 ரைஃபிள், அதாவது 0.22 அங்குலக் குழல் உள்ளது, வாங்க வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று எஃப்.ஐ.ஆர். காட்டாமல் கலெக்டர் கையெழுத்துப் போடமாட்டார் என்கிறார் ஒருவர். நிலபுலன் இல்லாதவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்கிறார் இன்னொருவர். வெளிமாநில லைசென்ஸே வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு புரோக்கர் நம்பரும் கைக்கு வந்திருக்கிறது. எனக்குப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வேண்டாம். இலக்கு அட்டையைத் தவிர வேறு எதையும் சுடும் எண்ணம் கிடையாது. இந்த வழியில் போனவர்கள் யாராவது முறையாகச் சொல்லுங்கள்.

பத்து_புள்ளி_ஒன்பது:

தம்பி, முதலில் அந்த புரோக்கர் நம்பரை அழித்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு லைசென்ஸும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறி, அதற்கென்று தனி அடையாள எண் விழுந்தால்தான் செல்லும். நீங்கள் குடியிருக்காத ஊரிலிருந்து வாங்கிய காகிதத்தை வைத்துக்கொண்டு கடையில் துப்பாக்கி வாங்கினால், நாளைக்கு நிற்பது லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றத்தில். விளையாட்டும் போகும், வேலையும் போகும்.

அடுத்தது, உங்களுக்கு எதற்கு லைசென்ஸ் தேவை, எதற்குத் தேவையில்லை என்பது. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குல அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் லைசென்ஸ் வேண்டாம். கடையில் அடையாளச் சான்றும் வயதுச் சான்றும் கேட்பார்கள், அவ்வளவுதான். போட்டிக்கான 10 மீட்டர் துப்பாக்கிகள் அந்த 20 ஜூலுக்கு வெகு கீழே நிற்பவை. ஒலிம்பிக்கில் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றதும், 2024இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் இந்த வகைத் துப்பாக்கியில்தான். லைசென்ஸ் வரும்வரை விளையாட்டு காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏர் ரைஃபிளைச் சின்னதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த அட்டையில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் பொட்டு. நின்றுகொண்டு, 10 மீட்டர் தள்ளி இருக்கும் அந்தப் பொட்டை 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். 50 மீட்டர் அட்டையில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீட்டர். ஏர் ரைஃபிளில் மூச்சும் ட்ரிகரும் படிந்தவர்கள் .22க்குப் போனதும் சீக்கிரம் நிலைத்துவிடுவதை எங்கள் ரேஞ்சில் (சுடுதளத்தில்) பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் நீங்கள் தொடங்கிய இடம் சரியான இடம்.

வழக்குரைஞர்_கதிர்:

எஃப்.ஐ.ஆர். வேண்டும், சொத்து வேண்டும் என்ற இரண்டு பேச்சையும் சட்டத்தை வைத்துப் பார்த்துவிடுவோம்.

1959 ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவு விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிக்கிறது. மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைஃபிள் கேட்டால், அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்காகப் பிஸ்டல் கேட்பது போன்ற விண்ணப்பங்களில், தக்க காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். உயிர் ஆபத்து, மிரட்டல், புகார் எல்லாம் இந்த இரண்டாவது வகையில் வருபவை. பாதுகாப்புக்காகப் பிஸ்டல் கேட்பவரின் அனுபவத்தை வைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். உங்கள் வழி வேறு.

ஆனால் இதைக் கதவைத் திறந்துவிடும் சாவியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 14ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது: பொது அமைதிக்குக் குந்தகம் வரும் என்றோ, விண்ணப்பதாரர் மனநிலை சரியில்லாதவர் என்றோ, சட்டப்படி தடை உள்ளவர் என்றோ அதிகாரி கருதினால் மறுக்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கு 9ஆம் பிரிவு தடை போடுகிறது. பயிற்சியின்போது விதிகளுக்கு உட்பட்டுச் சுட மட்டும் அவர்களுக்கு இடம் உண்டு.

சொத்து விஷயம்: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 14(2) நேராகவே சொல்கிறது. இதை அறியாமல் எத்தனையோ பேர் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொதுநலன் கருதித் தர முடியாத நிலை மட்டும் விலக்கு. 18ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது.

காலக்கெடு: 2016 விதிகளின்படி போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள். நடைமுறையில் இதைத் தாண்டிப் போவது உண்டு. தாண்டினால் எழுத்தில் நினைவூட்டுங்கள், ஒப்புகை வாங்கி வையுங்கள்.

நொய்யல்_செல்வி:

நான் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறேன். நான் விண்ணப்பித்தபோது கதிர் சார் சொன்ன முதல் வகையில் என் துப்பாக்கி வரவில்லை, .22 பிஸ்டல் என்பதால் தக்க காரணத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை என் மேட்ச் சான்றிதழ்களே சொல்லின.

வைகைக்கரையான், விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், இணையதளம் வழியாகப் போகும். மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகம், சென்னை மாதிரி கமிஷனர் இருக்கும் நகரத்தில் கமிஷனர் அலுவலகம். அடையாளம், முகவரி, வயதுச் சான்றோடு மருத்துவரின் எஸ்-3 சான்று வேண்டும். உடலும் மனமும் தகுதி, போதைப் பழக்கம் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான எஸ்-1 சான்று இன்னொன்று. அதோடு கிளப் உறுப்பினர் சான்று, தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடையாள அட்டை, மாவட்ட, மாநில அளவில் கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் ஸ்கோர் தாளும் வையுங்கள். பதக்கம் இல்லாவிட்டாலும் வையுங்கள். தொடர்ந்து சுடுகிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் என் கணவரிடம்தான் பேசினார்கள். யாருக்குத் துப்பாக்கி என்று அவரிடமே கேட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். என் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து, எந்தத் தேதியில் எந்த ரேஞ்சில் என்ன சுட்டேன் என்று காட்டிய பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. இதைப் படிக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்: விண்ணப்பம் உங்கள் பெயரில், பதிலும் உங்கள் வாயிலிருந்தே வரட்டும். வீட்டு ஆண்களைப் பேச விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. லைசென்ஸ் வந்த சூட்டில் கடைக்கு ஓடாதீர்கள். கிளப்பில் நாலு பேருடைய ரைஃபிளை, அவர்கள் கூடவே இருக்க, ரேஞ்சிலேயே சுட்டுப் பாருங்கள். தோள்கட்டையின் நீளம், கன்னம் பதியும் உயரம் இரண்டும் உங்கள் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் எவ்வளவு நல்ல குழல் இருந்தும் பயன் இல்லை.

மரகதம்_டீச்சர்:

நான் சுடுபவள் இல்லை. என் மாணவன் ஒருவன் ரைஃபிள் கிளப்பில் சேரப் போகிறேன் என்றான், அதனால் தேடிப் படித்து இங்கே வந்தேன். எல்லோரும் எப்படி வாங்குவது என்பதையே பேசுகிறீர்கள். வீட்டுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. பிள்ளைகள் இருக்கும் வீடு, சண்டை வரும் வீடு, மனசு உடைந்துபோன ஒருவர் இருக்கும் வீடு எல்லாம் இந்த ஊரில்தானே இருக்கிறது? விளையாட்டு என்றால் மைதானத்தோடு நின்றுவிட வேண்டாமா? கோபத்தில் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:

அம்மா கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. நான் காவல் துறையில் இருந்தபோது லைசென்ஸ் விசாரணைக்கு நிறைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எதைப் பார்ப்போம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வழக்கு இருக்கிறதா என்பது ஸ்டேஷன் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்குப் போவது வேறு காரணத்துக்கு. ஆள் குடிப்பவரா, பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு ஏதும் புகைந்துகொண்டிருக்கிறதா, புருஷன் பெண்டாட்டி பேச்சு எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டில் விசாரித்தால் முகம் எப்படிப் போகிறது. துப்பாக்கி வைக்கும் இடத்தைக் காட்டச் சொல்வோம். பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பேன் என்று ஒருவர் சொன்னால் அந்த விண்ணப்பத்தை நான் பரிந்துரைத்ததில்லை. சுவரோடு சேர்த்துப் போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, சாவி உரிமதாரர் கையில் மட்டும். இவ்வளவும் இருந்தால்தான் மேலே எழுதுவேன்.

துப்பாக்கி வீட்டில் இருந்தால் ஆபத்து வெளியே இருந்து வருவதைவிட வீட்டுக்குள் இருந்தே வருவதை அதிகம் பார்த்தவன் நான். அதனால் உரிமதாரர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாராவது மனம் சோர்ந்து இருக்கிறார்கள், அது நீங்களாகவே இருந்தாலும் சரி, அன்றைக்கே துப்பாக்கியை வெளியே கொண்டுபோய் ஒப்படையுங்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கலாம். நிலைமை சரியானதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு ஒரு அதிகாரியும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்.

கல்யாண வீட்டில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உறவுக்காரர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் பெட்டி திறக்கக் கூடாது.

பத்து_புள்ளி_ஒன்பது:

மரகதம் டீச்சர், உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் கேட்டதையே நானும் புதிதாக வருபவர்களிடம் கேட்கிறேன். உள்ளே வந்த அன்றே சொந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுபவரை எங்கள் கிளப்பில் கொஞ்ச காலம் ஏர் ரைஃபிளிலேயே வைத்துப் பார்ப்போம். துப்பாக்கி மேல் மட்டும் ஆசை உள்ளவர் சலித்துப் போய்விடுவார். சுடுவதில் ஆசை உள்ளவர் நிற்பார்.

உங்கள் மாணவனைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேஞ்சில் அவன் முதலில் படிப்பது கட்டளைகளை. குழல் எப்போதும் இலக்குத் திசையில். சுடும் நேரம் வரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறக் கயிறு செருகியிருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இல்லை என்பதை எதிரில் இருப்பவர் கண்ணாலேயே பார்க்கலாம். அட்டை மாற்ற யாராவது முன்னால் போனால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இதில் ஒன்றை மீறினால் அன்றைக்கு வெளியே அனுப்பிவிடுவோம், எவ்வளவு பெரிய ஸ்கோர் சுடுபவராக இருந்தாலும் சரி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும், புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) சுட்டதும் இந்த ஒழுங்கில் வளர்ந்துதான்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்ற கருத்தில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. ஆயுத அறை உள்ள கிளப்பில் முறைப்படி ஒப்படைத்து வைக்க வசதி இருந்தால் .22ஐ அங்கேயே வைப்பதைத்தான் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சொல்வேன். வீட்டில் பயிற்சிக்கு ஏர் ரைஃபிள் போதும். தோட்டா, பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) எதுவும் இல்லாமல், பாதுகாப்பான திசையில், சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து ட்ரிகர் இழுக்கும் பயிற்சி ஸ்கோரை உயர்த்துவது போல வேறெதுவும் உயர்த்துவதில்லை.

காவிரி_கல்லணை:

குறுக்கே ஒரு கேள்வி. தாத்தா காலத்து இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில். அவர் காலமாகிவிட்டார். அதை வைத்து நான் டிராப் பழகலாமா?

வழக்குரைஞர்_கதிர்:

காவிரி, தயவுசெய்து அதைத் தொடாமல் இன்றே இதைச் செய்யுங்கள். உரிமதாரர் மறைந்ததும் அவருடைய லைசென்ஸ் உங்களுக்குப் பாதுகாப்புத் தராது. தாமதமின்றி ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற அடிப்படையில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தோடு உங்கள் பெயரில் புது லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்தபின் துப்பாக்கியைத் தேர்ந்த ஆளிடம் கொடுத்துச் சோதிக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். பழைய குழல் இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

வைகைக்கரையான்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. புரோக்கர் நம்பரை அழித்துவிட்டேன். மாநிலப் போட்டியில் ஏர் ரைஃபிளில் கலந்துகொண்டுவிட்டு, அந்த ஸ்கோர் தாளையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். எத்தனை துப்பாக்கி வைக்கலாம், எத்தனை தோட்டா வாங்கலாம்? தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, போட்டி நேரத்தில் அப்படி வந்தால் என்ன செய்வது? வெளியூர் மேட்சுக்கு எப்படிக் கொண்டுபோவது?

நொய்யல்_செல்வி:

எண்ணிக்கைக்கு நான் சொல்கிறேன். 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தார்கள், லைசென்ஸ் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டினார்கள். விளையாட்டு வீரர்கள் பாதிக்கப்படக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் தனி அறிவிப்பு கொடுத்தது. வளர்ந்துவரும் வீரர்களுக்கு, பயிற்சி பெற்ற பிரிவில் இரண்டு துப்பாக்கி. தேசியப் போட்டியில் குறித்த தகுதி ஸ்கோரை எட்டிப் பெயர் பெற்றவர்களுக்கு ஒரு பிரிவில் எட்டு, இரண்டு பிரிவில் பத்து, அதற்கு மேல் பன்னிரண்டு வரை. சாதாரணக் குடிமகனுக்கான இரண்டு இதில் சேராது, அது தனி. .22 தோட்டாவின் அளவும் 1000இலிருந்து 5000 ஆனது.

இந்த எண்கள் மேல் வரம்புதான். உங்கள் லைசென்ஸில் அதிகாரி என்ன எழுதியிருக்கிறாரோ அதுதான் கடையில் செல்லும். விண்ணப்பத்திலேயே தேவையான அளவைக் கேட்டுவிடுங்கள். வாரம் முழுக்கப் பயிற்சி செய்பவருக்கு ஒரு போட்டிப் பருவத்தில் எவ்வளவு செலவாகும் என்று கோச்சிடம் எழுதி வாங்கி இணைத்தேன், அது எனக்கு உதவியது. இல்லாவிட்டால் சொற்ப எண்ணிக்கையில் எழுதித் தந்துவிடுவார்கள், பிறகு அதை உயர்த்த மறுபடியும் அலைய வேண்டும்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:

தேர்தல் விஷயம்: நடத்தை விதி வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினராக இருந்து போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்குத் தேர்தல் ஆணையம் விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். மாவட்ட உத்தரவின் நகல், சங்க அடையாள அட்டை, வரவிருக்கும் போட்டியின் அழைப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய்க் கடிதம் கொடுங்கள். கடிதம் கொடுத்தவர் வீட்டுக்கு யாரும் தேடி வரமாட்டார்கள். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒப்படைத்துவிட்டு மேலே முறையிடுங்கள், அங்கே நின்று வாதாட வேண்டாம்.

பயணம்: உங்கள் லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதிலேயே இருக்கும். வெளிமாநிலத்தில் மேட்ச் என்றால் அந்தப் பரப்பு அதை உள்ளடக்கியதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டியில், தோட்டா தனியே. அசல் லைசென்ஸும் போட்டி அழைப்பும் கையில். விமானம், ரயில் இரண்டுக்கும் தனித்தனி விதி உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வழியில் லாட்ஜில் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அது கூடவே கூடாது.

வீடு மாறினால் இரண்டு ஊர் அலுவலகத்துக்கும் தகவல் போக வேண்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். லைசென்ஸ் காலாவதியான மறுநாள், அதே பெட்டியில் அதே பூட்டோடு இருக்கும் துப்பாக்கி உரிமம் இல்லாத துப்பாக்கி. நல்ல விளையாட்டுப் பிள்ளைகள் இந்த ஒரு தேதியை மறந்து ஸ்டேஷனில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மரகதம்_டீச்சர்:

எல்லாவற்றையும் படித்தேன். பயம் முழுக்கப் போகவில்லை, ஆனால் பையனிடம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கிளப்பில் சேரும் முன் அவனுடைய பெற்றோர் வந்து ரேஞ்சைப் பார்க்கலாமா? ஏர் ரைஃபிளோடு நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பத்து_புள்ளி_ஒன்பது:

கட்டாயம் வரச் சொல்லுங்கள் டீச்சர், நீங்களும் வாருங்கள். பார்வையாளர் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு முழு சுற்றும் பார்க்கட்டும். எந்த நல்ல கிளப்பும் பெற்றோரை உள்ளே விட மறுக்காது. மறுத்தால் வேறு கிளப் பாருங்கள். அவன் வயதுக்கு ஏர் ரைஃபிளைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் தருகிறார்களா, பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் பிள்ளைகளைக் கை கழுவ அனுப்புகிறார்களா, கோச் ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை அவர்கள் அங்கேயே கேட்கட்டும்.